பொட்டு வைத்த யானை

நவம்பர் 24, திங்கள்

மாதங்கி தூங்கிவிட்டாள். மூக்கின் கீழ் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் அப்படி வைத்ததில் விழித்துக்கொண்டாள். அதனால் இப்போது விரலைக் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன்.

பல் முளைக்கிறது. கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். இன்று கடித்தவை: ரிமோட், என் தோள், அவள் அப்பாவின் பெல்ட். பெல்ட்டில் என்ன சாயம் போட்டிருப்பார்கள் என்று இணையத்தில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

நாங்கள் கிள்ளானுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்குத் திருப்பூர் அம்பாரி பொம்மைக் கம்பெனியின் மலேசியப் பிரதிநிதி வேலை. கடைகளுக்குத் துணிப் பொம்மை கொடுப்பது பாதி வேலை. எவனாவது அதைப் போலவே செய்து விற்கிறானா என்று சந்தை சந்தையாகப் போய்ப் பார்ப்பது மீதிப் பாதி. பெண் பார்க்க வந்தபோது ‘ஏற்றுமதித் துறை’ என்றுதான் சொன்னார்கள். சந்தையில் குந்தி உட்கார்ந்து பொம்மைகளின் பின்புறத் தையலைப் பிரித்துப் பார்க்கிற துறை என்று யாரும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே, பொங்கலுக்கு வெளிவரப்போகிற புது யானை. சாம்பல் உடம்பு, ரோஜா நிறக் காது, தும்பிக்கையைச் சுருட்டி வணக்கம் வைக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உலகத்திலேயே இதுபோல மூன்றுதான் இருக்கின்றனவாம். ஒன்று முதலாளி நாச்சிமுத்து ஐயாவின் பீரோவில். ஒன்று தையல் மாஸ்டரின் பூட்டிய பெட்டியில். மூன்றாவது இது. ஆபீஸில் ஏ.சி. ஒழுகுகிறது என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“வாணி, இதைப் பாப்பா கண்ணுல மட்டும் காட்டிறாத.”

இவர் சொல்லி முடிக்கும்போது பாப்பா இவர் காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

நவம்பர் 25, செவ்வாய்

யானையைத் திரும்ப வாங்க இவர் முயற்சி செய்தார். மாதங்கி நீலம் பாரித்துப்போகிற அளவுக்கு அழுதாள். “சரி, வெச்சுக்கட்டும். ஆனா இது வாசப்படி தாண்டக் கூடாது. யாரும் போட்டோகூட எடுக்கக் கூடாது. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும், ஆமா” என்றார்.

நான் ஏற்கெனவே நாலைந்து போட்டோ எடுத்திருந்தேன். பாப்பாவைத்தான் எடுத்தேன். யானை நடுவில் வந்தது.

நவம்பர் 27, வியாழன்

எதிர்வீட்டு மலாய் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து “ச்சோமெல், ச்சோமெல்” என்றார். அழகு என்று அர்த்தம். ஒருமுறை சொன்னால் பரவாயில்லை. இரண்டு முறை சொன்னார். சாயங்காலம் பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது.

ஊரிலிருந்து கொண்டுவந்த கண்மையை எடுத்து இடது கன்னத்தில் பெரிதாகப் பொட்டு வைத்தேன். உள்ளங்காலிலும் வைத்தேன். கன்னத்தில் வைப்பது ஊர் பார்ப்பதற்கு. உண்மையில் வேலை செய்வது உள்ளங்காலில் வைப்பதுதான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் எம்.எஸ்சி. தாவரவியல். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வைத்துவிடுவது நல்லது, அவ்வளவுதான். உள்ளங்காலில் மை படும்போது விரல்களைச் சுருட்டிக்கொண்டு சிரிப்பாள். அதைப் பார்க்கவாவது வைக்கலாம்.

யானையை நீட்டினாள். அதற்கும் வேண்டுமாம். அதற்கும் கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. எதிர்வீட்டு அம்மா அதையும்தானே பார்த்திருப்பார்.

டிசம்பர் 2, செவ்வாய்

பயங்கரமான நாள். யானையின் வலது காதைக் காணோம். பாப்பா வாயில் ஒரு நூல். காதை விழுங்கிவிட்டாள் என்று நினைத்தேன். டாக்ஸி பிடித்து கிளினிக் போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கினார், வாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க சாப்ட்டீங்களா?” என்று கேட்டார்.

காது டைப்பரில் இருந்தது. உள்ளே போகவில்லை, மேலாகத்தான், இடுப்புப் பட்டியில் சொருகி வைத்திருக்கிறாள். பத்து மாதத்தில் பதுக்கல்.

இவரிடம் சொல்லவில்லை. பெரிய விஷயம் இல்லை.

டிசம்பர் 3, புதன்

சந்தைத் தெருவில் அடைக்கலம் அண்ணன் தையல் கடை இருக்கிறது. என் ரவிக்கைகளை அங்கேதான் தைக்கக் கொடுப்பேன். அவர் பேச்சில் இந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொள்ளும். யானையைத் துணிப்பையில் வைத்து, மேலே கொத்தமல்லிக் கட்டை வைத்து மூடிக் கொண்டுபோனேன். வாசப்படி தாண்டியது பைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

“அண்ணே, காது மட்டும் வெச்சுக் குடுங்க. இப்பவே வேணும்.”

“இப்ப முடியாதுலா தங்கச்சி. கல்யாண ஆர்டர் நெறைய. வெள்ளிக்கிழமை வாங்க.”

“பாப்பா தூங்க மாட்டா அண்ணே.”

“என் பொண்டாட்டியும்தான் தூங்க விடமாட்டேங்குறா. வெள்ளிக்கிழமை.”

வைத்துவிட்டு வந்தேன். யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் இது என்னவோ பெரிய பொருள் என்று தெரிந்துபோகும் என்று சொல்லவில்லை.

இவரிடம் யானை துவைக்கப் போட்டிருக்கிறது என்று சொன்னேன்.

டிசம்பர் 5, வெள்ளி

வந்துவிட்டது. காது ஒரு விரல் அகலம் குட்டையாகிவிட்டது. கடித்த ஓரத்தை வெட்டித் தைத்திருக்கிறார். சாம்பல் நூல் இல்லையாம், பச்சை நூல் போட்டிருக்கிறார். மாதங்கி காதைத் தடவிப் பார்த்தாள், பச்சை நூலைச் சப்பினாள், திருப்தியாகத் தூங்கினாள். இப்போது அந்தக் காது இல்லாமல் தூங்குவதே இல்லை.

ஊரெல்லாம் பொம்மையின் தையலைப் பிரித்துப் பார்க்கிற மனுஷர், வீட்டுப் பொம்மையின் காதை இன்னும் பார்க்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

ரசம் பொங்கிவிட்டது. ஏன் என்றால் இவரும் ஐயாவும் ஸ்பீக்கரில் சண்டை.

இவர் சொல்வது: “ஐயா, நம்மூர்ல பதிவு பண்ணினது நம்மூருக்கு மட்டும்தானுங்க. ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியாப் பண்ணோணும். ‘அம்பாரி’ங்கற பேரை இங்க பதிஞ்சாச்சு. யானையோட உருவத்தைப் பதியல. இப்பவே போட்டுறலாமுங்க.”

ஐயா சொல்வது: “மார்கழி பொறந்திருச்சு தம்பி. மார்கழில ஊட்டுக்கு ஒரு முருங்கக்குச்சி நட மாட்டேன், யானையப் போயிப் பதியறதா? தை மொத வெள்ளிக்கிழம போடு. பத்தரைக்குள்ள.”

“அதுக்குள்ள எவனாவது போட்டுட்டா?”

“மார்கழில எவன் போடுவான்?”

ஜனவரி 10, சனி

இவர் சந்தையிலிருந்து வந்து ஒரு பொருளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். யானை. சாம்பல் உடம்பு, ரோஜா காது, வணக்கம் வைக்கிற தும்பிக்கை. அட்டையில் ‘கஜா’ என்று பேர். நம்முடையது கடைக்கு வர இன்னும் நாலு நாள் இருக்கிறது. இது கூடை கூடையாகக் கிடக்கிறதாம். பாதி விலை.

இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. வலது காது குட்டை. ஓரத்தில் பச்சைத் தையல்.

“இதென்ன காது இப்பிடி இருக்குது” என்றார். “நம்ம டிசைன்ல பச்சை நூலே கெடையாதே.”

“அவனுங்களுக்குச் சாம்பல் நூல் கிடைச்சிருக்காதுங்க” என்றேன்.

“இந்தப் பொட்டை எங்கயோ பாத்த மாதிரி இருக்குது.”

“சாம்பார் வெக்கட்டுமா, தயிர் போதுமா?”

உலகத்தில் எத்தனையோ பேர் பொட்டு வைக்கிறார்கள்.

ஜனவரி 11, ஞாயிறு

மாதங்கியின் யானையைத் துவைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தேன், எலுமிச்சம்பழம், பாத்திர சோப்பு. ஊர்க் கண்மை. கொஞ்சம்கூடப் போகவில்லை. யானையைக் குளியலறையில் காயப்போட்டிருக்கிறேன். நாளைக்கும் அழுக்காகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

பாப்பாவுக்குக் கன்னத்தில் பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டேன். தோலுக்கு நல்லதல்ல என்று படித்தேன். காலில் மட்டும் வைக்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

கஜாவை விற்பது சுகுமாரன் என்கிற மொத்த வியாபாரி. கடை சந்தைத் தெருவில். அடைக்கலம் அண்ணன் கடைக்கு அடுத்த கடை என்று இவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பாலை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன். தூக்கம் போதவில்லை.

வழக்கறிஞர் ஞானமேரியிடம் போய்வந்திருக்கிறார். அந்த அம்மா விசாரித்ததில், சுகுமாரன் யானையின் உருவத்தைத் தன் பேரில் பதிவுக்கே போட்டுவிட்டானாம், மார்கழி பதினாலாம் தேதி. இப்போது சட்டப்படி நாம்தான் அவனைப் பார்த்துச் செய்கிறவர்கள் மாதிரி ஆகிவிட்டது. யானையை நாம் விற்றால் அவன் நமக்கு நோட்டீஸ் விடலாம்.

ஐயாவுக்குப் போன் போட்டார்.

“மார்கழிலயேவா போட்டான்?” என்றார் ஐயா. “எமகண்டம்கூடப் பாக்கலியா?”

பிறகு குரல் மாறிவிட்டது. “தம்பி, மொத்தம் மூணு யானை. என்னுது பீரோவுல இருக்குது. மாஸ்டருது பொட்டியில இருக்குது. மூணாவது எங்க?”

“வீட்டுல பத்திரமா இருக்குதுங்கய்யா. வெளிய எடுக்கவே இல்லீங்க.”

“அப்ப எப்பிடிப் போச்சு? பறந்து போச்சா? பத்து வருசமா உன்ன நம்பியிருக்கறன். இந்த மாசக் கடைசிக்குள்ள எனக்கு வெவரம் வரோணும். இல்லீன்னா அந்தாபீசப் பூட்டிப்போட்டுத் திருப்பூருக்குக் கெளம்பி வா. கணக்குத் தீத்துக்கலாம்.”

இவர் போனை வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் வித்துட்டேன்னு நெனைக்கறாரு வாணி” என்றார்.

நான் தோசை வார்த்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஜனவரி 14, புதன்

இன்று போகி. நல்ல நாளில் வேண்டாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சக்கரைப் பொங்கலில் உப்பு போட்டுவிட்டேன். இவர் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜனவரி 19, திங்கள்

சாட்சிக்குப் பொருள் வாங்குவது எப்படி என்று ஞானமேரி அம்மா இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கடையில் வாடிக்கையாளர் மாதிரி வாங்க வேண்டும், ரசீது வாங்க வேண்டும், கடைப் பலகையோடு படம் எடுக்க வேண்டும், கண்ணாடிபோல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். இவர் தொப்பி வைத்துக்கொண்டு போனார். சுகுமாரன் “வாங்க அம்பாரி சார், டீ சாப்பிடுறீங்களா” என்று கேட்டானாம்.

பையை அலமாரி மேல் வைத்திருக்கிறார். உள்ளிருந்து அந்தப் பொட்டு என்னையே பார்க்கிறது. துணி போட்டு மூடினேன்.

ஜனவரி 22, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் எதிர்வீட்டு அம்மா நேரிலேயே வந்துவிட்டார். பாப்பாவைத் தூக்கி, கொஞ்சி, “ச்சோமெல்” என்று ஆறேழு தடவை சொன்னார். அவர் போனதும் எனக்கு வேறொன்றும் நினைவில்லை. மையை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். ஆறேழு தடவைக்கு ஏற்ற மாதிரி வைத்தேன்.

பதினோரு மணிக்கு வீடியோவில் ஐயா வந்தார். ஒரு பக்கம் ஞானமேரி அம்மா. இவர் கண்ணாடிப் பையைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டினார். ஆளுக்கொரு யோசனை. அந்தப் பொட்டு தொழிற்சாலையின் அடையாளம் என்றார் இவர். நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் காட்டத் தந்திரமாக வைத்தது என்றார் ஞானமேரி அம்மா. “மச்சம் இருந்தா அதிர்ஷ்டம்னு வெச்சிருப்பான்” என்றார் ஐயா.

அப்போது மாதங்கி பையைப் பார்த்துவிட்டாள். தவழ்ந்து வந்தவள் இவர் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, பையில் இருக்கிற யானையின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து அழுத்தினாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

இடது கன்னம். இடது கன்னம்.

போனில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் திருப்பூரிலிருந்து கேட்டது.

“தம்பி,” என்றார் ஐயா, “பாப்பாவக் கொஞ்சம் கேமரா கிட்டக் கொண்டா.”

இவர் கொண்டுபோனார்.

“யானையையும்.”

கொண்டுபோனார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குளியலறைக்குப் போய், பதினோரு நாளாகப் பகலில் துவைத்துக் காயப்போட்டு ராத்திரியில் பாப்பாவிடம் கொடுத்துக்கொண்டிருந்த யானையை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன். பொட்டு, குட்டைக் காது, பச்சை நூல்.

“காதைப் பாப்பா கடிச்சுட்டாளுங்க” என்றேன். “அடைக்கலம் அண்ணன்கிட்டத் தைக்கக் குடுத்தேன். ரெண்டு நாள். அவர் கடைக்கு அடுத்த கடைதான்... இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. இவரு விக்கலீங்க. நான்தான்.”

“பச்ச நூலு?” என்றார் ஐயா.

“சாம்பல் தீந்துபோச்சுன்னாருங்க.”

ஐயா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். துண்டை எடுத்தபோதுதான் தெரிந்தது. “அம்மிணி, உம்பட புள்ள கடிச்ச காத அவன் அச்சுக் கொறையாம ஆயிரம் யானைக்கு வெச்சுருக்கறான்” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆனா நீ பண்ணுனது தப்பு” என்றார்.

“ஆமாங்க.”

ஞானமேரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு நிமிஷம். இந்தப் பொட்டு வெச்ச யானையோட பாப்பாவை எப்பவாவது போட்டோ எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

இவர் “இல்லீங்க, நான்தான் எடுக்கக் கூடாதுன்னு” என்று ஆரம்பித்தார்.

“நூத்திச் சொச்சம் இருக்குங்க” என்றேன். “எல்லாத்துலயும் தேதியோட.”

ஜனவரி 23, வெள்ளி

இவர் என்னோடு பேசவில்லை. பாப்பா வழியாகப் பேசினார். “மாது, உங்கம்மாகிட்டச் சொல்லு, நான் மழையிலயும் வெயில்லயும் ஊரெல்லாம் தேடினது நம்ம குளியலறைல தொங்கிட்டு இருந்துச்சாமா.”

மாதங்கி “ப்பூ” என்றாள்.

“மாது, அப்பாகிட்டச் சொல்லு, அம்மா பயந்துட்டான்னு.”

கொஞ்ச நேரம் கழித்து நேராக என்னிடமே கேட்டார். “ஐயாகிட்ட அப்பிடி மூஞ்சிக்கு நேரா ‘நான்தான்’னு சொன்னியே, பயமா இல்லியா?” இருந்தது என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அவர் தட்டு கழுவுவது மன்னிப்பு. கேட்பதா கொடுப்பதா என்று கல்யாணமாகி மூன்று வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 24, சனி

அடைக்கலம் அண்ணனிடம் போனோம்.

“நான் என்னலா கண்டேன் தங்கச்சி. சுகுமாரு டீ குடிக்க வந்தான், ‘அழகா இருக்கே, பாத்துட்டுத் தரேன்’னு எடுத்துட்டுப் போனான். சாயங்காலம் குடுத்துட்டான். பிரிச்சு அளவெடுத்தானா என்னான்னு தெரியாது. நான் தெச்ச காதை ரொம்பப் பாராட்டுனான். அதுல கொஞ்சம் அசந்துட்டேன்.”

“யாருக்குமே காட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தோணலியாண்ணே?”

“கொத்தமல்லிக்கு அடியில வெச்சுக் கொண்டாந்தீங்க. நான் சமையல் சாமான்னு நெனச்சேன்.”

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். வாசலில் நின்று இவர் பக்கத்திலிருந்த சுகுமாரன் கடையை முறைத்தார். சுகுமாரன் கையாட்டினான்.

ஜனவரி 27, செவ்வாய்

ஞானமேரி அம்மாவின் அலுவலகம். என் போனிலிருந்து நவம்பர் 27-ஆம் தேதிப் படத்தை எடுத்துக்கொண்டார்கள்: மாதங்கி, கன்னத்தில் பொட்டு, யானை, கன்னத்தில் பொட்டு, பின்னால் கொடியில் என் நைட்டி. அது நீதிமன்றம் வரைக்கும் போகுமா என்று கேட்டேன். நைட்டியை வெட்டிவிடலாம் என்றார்.

அவன் பதிவுக்குப் போட்டது டிசம்பர் கடைசியில். நம் படம் ஒரு மாதம் முந்தியது. அவன் நம்மிடமிருந்து எடுத்தான் என்று காட்டிவிட்டால் அவன் பதிவை ரத்துசெய்யக் கேட்கலாம் என்றார்.

பிறகு யானையைத் திருப்பிப் பார்த்தவர், “உள்ளங்கால்லயும் ஒண்ணு இருக்கே?” என்றார்.

“அதுவும் வைப்போங்க. அதுதான் முக்கியம்.”

கஜாவைத் திருப்பினார். அதன் உள்ளங்கால் வெறுமையாக இருந்தது. “பாருங்கலா. எல்லாத்தையும் காப்பியடிச்சவன் காலைத் தூக்கிப் பாக்கல” என்றார்.

அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். யானை சாட்சிப் பொருள். முடியும்வரை அவருடைய பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும்.

மாதங்கியிடமிருந்து நான்தான் வாங்கினேன்.

ஜனவரி 28, புதன்

தூங்கவில்லை. யாரும்.

ஜனவரி 29, வியாழன்

விற்பனைக்காகத் திருப்பூரிலிருந்து வந்திருந்த சரக்கிலிருந்து நம் கம்பெனியின் அசல் யானை ஒன்றைக் கொடுத்தோம். கன்னத்தில் நான் பொட்டு வைத்தேன். மாதங்கி வலது காதைத் தடவிப் பார்த்தாள். முழுக் காது. தூக்கி எறிந்தாள். அசலை எறிவதைப் பார்த்து இவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

பாப்பாவின் உடம்பு சுடுகிறதா என்று பார்த்துப் பார்த்து என் கைதான் சுடுகிறது.

ஜனவரி 30, வெள்ளி

அலமாரி மேல் இருந்த கண்ணாடிப் பையின் ஒட்டு பிரிந்திருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை. இந்த ஊர் வெக்கைக்குக் கோந்து நிற்பதில்லை.

மாதங்கி நன்றாகத் தூங்கினாள்.

ஜனவரி 31, சனி

இவர் பையை எடுத்துப் பார்த்தார். “கையெழுத்துக்கு நடுவுல பிரிஞ்சிருக்குது. உள்ள யானை ஈரமா இருக்குது” என்றார்.

“வெக்கைங்க.”

“காதுல பல் தடம் இருக்குது வாணி.”

நான் பாப்பாவின் வாயைத் துடைத்தேன். இவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி சாட்சிக்கு ஒன்று வாங்கப் போனார். கதவருகில் நின்று, “ரெண்டா வாங்கிட்டு வந்தர்றேன்” என்றார். “ஒண்ணு பைக்கு.”

போலியை ஒழிக்க வந்த வீட்டில் போலியைக் கட்டிக்கொண்டு ஒருத்தி தூங்குகிறாள். இது ஐயாவுக்குத் தெரியக் கூடாது.

பிப்ரவரி 4, புதன்

புதுத் தலைவலி. பதிவு விஷயம் தெரிவதற்கு முன்பே நம் யானை பழைய சரக்கோடு சேர்ந்து இரண்டு கடைகளுக்குப் போயிருந்தது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். வாங்குகிற அம்மாக்கள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, “இதுல பொட்டு இல்லையே, இது டூப்ளிகேட்” என்கிறார்களாம்.

இவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் எதிர்வீட்டு அம்மாவின் கண்ணைப் பற்றி யோசித்தேன்.

பிப்ரவரி 11, புதன்

பேச்சுவார்த்தை. சுகுமாரன் தன் வழக்கறிஞரோடு வந்தான். பட்டுச் சட்டை. நானும் பாப்பாவும் வெளியே உட்கார வேண்டும் என்றார்கள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

“இது என் சொந்தக் கற்பனை மேடம். ராத்திரி கனவுல வந்திச்சி.”

“பொட்டு?”

“அழகுக்கு.”

“வலது காது ஏன் குட்டை?”

“யானைன்னா ஒரு காது குட்டையாத்தான் இருக்கும்.”

“பச்சைத் தையல்?”

“அது... இயற்கை. காடு. பச்சை.”

ஞானமேரி அம்மா அந்த நவம்பர்ப் படத்தை மேஜையில் எடுத்து வைத்திருப்பார். அப்புறம், “பாப்பாவை உள்ள கூட்டிட்டு வாங்க” என்றார். தூக்கிக்கொண்டு போனேன். இன்று வேண்டுமென்றே வைத்திருந்தேன், கன்னத்தில், பளிச்சென்று.

மாதங்கி மேஜைமேல் இருந்த தன் யானையைப் பார்த்தாள். வரிசையாக நின்ற கஜாக்களையும் பார்த்தாள். இரண்டு வாரமாகக் கஜாவோடுதான் தூங்கியிருக்கிறாள். போச்சு, இப்போது எதை எடுப்பாளோ என்று நினைத்தேன். நேராகத் தன்னுடையதைப் பிடித்து இழுத்து, குட்டைக் காதைத் தூக்கி, கடித்தாள். தைத்த இடத்தில், பல் சரியாகப் பொருந்துகிற மாதிரி.

சுகுமாரனின் வழக்கறிஞர் பேனாவை மூடிவிட்டு அவன் காதில் ஏதோ சொன்னார்.

பதிவை விலக்கிக்கொள்கிறான். விற்பதை நிறுத்துகிறான். மிச்சமிருப்பதை ஒப்படைக்கிறான். வெளியே வரும்போது என்னிடம் நின்று, “அந்தப் பொட்டு என்னாக்கா அது, டிசைன் இல்லையா?” என்று கேட்டான்.

“கண்ணுபடாம இருக்க வெக்கறது.”

“அப்படின்னா வேலை செய்யலையே. நான் பாத்துட்டேனே” என்றான்.

பார்த்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதை அவன் யோசிக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

நம் யானையின் உருவத்தை இன்று பதிவுக்குப் போட்டாயிற்று. பத்தரைக்குள். ஐயா விட்டுக்கொடுக்கவில்லை.

மாதங்கியின் யானை வீட்டுக்கு வந்துவிட்டது. கஜாவை ஒப்படைக்க வேண்டிய மூட்டையில் இவரே போட்டார். போடுவதற்கு முன் ஒருமுறை அதன் தலையைத் தடவினதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 3, செவ்வாய்

ஐயா வீடியோவில் வந்தார். இவரைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டார். ஆபீஸைப் பூட்டுகிற பேச்சையே எடுக்கவில்லை; ஏ.சி.யை மாற்றச் சொல்லிவிட்டாராம்.

“அம்மிணி, கடக்காரனெல்லாம் பொட்டு கேக்கறான். இனி நம்ம யானைக்கெல்லாம் கன்னத்துல பொட்டு உண்டு. அது ஊருக்குத் தெரிஞ்சு போச்சு, நாளைக்கே இன்னொருத்தன் வெப்பான். அதனால ஊருக்குத் தெரியாத ஒரு அடையாளம் வேணும். நாம மட்டும் பாத்துச் சொல்ற மாதிரி. பாக்கறவன் பாக்காத எடமா ஒண்ணு சொல்லு.”

சொன்னேன். ஐயா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இந்தமுறை பயப்படவில்லை.

“யாருகிட்டயும் சொல்லாத. தம்பிகிட்டயுந்தான். தேவைப்படறப்ப நான் சொல்லிக்கறேன்.”

இவர் இரண்டு மணி நேரமாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். “மலேசியப் பிரதிநிதி நான். எனக்கே சொல்ல மாட்டியா?” என்றார். “மாது, அப்பாகிட்டச் சொல்லு, அம்மா வேலைல இருக்கான்னு” என்றேன். தட்டைக் கழுவப் போய்விட்டார்.

இங்கேயும் அதை எழுதப் போவதில்லை.

சாயங்காலம் மாதங்கியைக் குளிப்பாட்டித் துவட்டி, கன்னத்தில் பொட்டு வைத்தேன். பிறகு வழக்கம்போல, அவள் விரல்களைச் சுருட்டிக்கொண்டு சிரிக்கிற இடத்திலும் ஒன்று.